காப்பார் புகைபோக்கியும் கோயில் ஜெனரேட்டரும்

மலேசியாவில், சிலாங்கூர் கடலோரத்துக் காப்பார் வட்டாரத்துத் தோட்டக் கோயில்களில் திருவிழா என்றால் பின்பக்கம் ஒரு லோரி வந்து நிற்கும். அதன் மேல் 75 கேவிஏ திறனுள்ள டீசல் ஜெனரேட்டர் உறுமிக்கொண்டிருக்கும். அது கக்கும் கறுப்புப் புகையைப் பார்த்து முகம் சுளிக்காதவர்கள் குறைவு. வெட்டவெளிக்கு வந்து கடல் பக்கம் திரும்பினால், தூரத்தில் அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள். ஒழுங்காக ஓடுகிற நாளில் அவற்றின் உச்சியில் பெரிதாக ஒன்றும் தெரியாது. டீசல் அழுக்கு, கரண்டு சுத்தம் என்ற பேச்சு இந்தக் காட்சியிலிருந்துதான் பிறக்கிறது.

புகையின் கறுப்பு சொல்வது ஒன்றைத்தான்: எரியாமல் தப்பிய கரித்துகள் எவ்வளவு என்று. கரியமில வாயுவுக்கு நிறம் கிடையாது. மீத்தேனுக்குக் கிடையாது. கந்தக வாயுவுக்கும் கிடையாது. ஆகவே எந்த எரிபொருளைப் பற்றிப் பேசினாலும் இரண்டு கணக்கு எழுத வேண்டும். பக்கத்தில் நிற்பவர் சுவாசிப்பது ஒன்று. அதை மூக்குக் கணக்கு என்று வைத்துக்கொள்வோம். மேலே போய்ச் சேர்ந்து பூமியைச் சூடாக்குவது இன்னொன்று. அது வானக் கணக்கு. ஒன்றில் நல்ல பேர் வாங்குகிற எரிபொருள் மற்றதில் மாட்டிக்கொள்ளும். நம் ஊரிலேயே அதற்கு உதாரணங்கள் கொட்டிக் கிடக்கின்றன.

முதலில் அந்த ஜெனரேட்டர். ஒரு லிட்டர் டீசலில் சுமார் 36 மெகாஜூல் வெப்பம் இருக்கிறது. மின்சாரக் கணக்கில் 10 யூனிட். அது எரிந்தால் 2.68 கிலோ கரியமில வாயு வரும். லிட்டரின் எடையே 0.84 கிலோதானே, அதைவிடக் கனமான வாயு எப்படி வரும் என்று பலர் கேட்பார்கள். டீசலில் இருக்கும் ஒரு கிலோ கரி எரியும்போது காற்றிலிருந்து 2.67 கிலோ ஆக்சிஜனைச் சேர்த்துக்கொள்கிறது. எடை கூடுவது அங்கேதான்.

75 கேவிஏ என்றால் 60 கிலோவாட். இந்த அளவு இயந்திரம் முழுச் சுமையில் மணிக்குச் சுமார் 18 லிட்டர் குடிக்கும். முக்கால் சுமையில் 14.4, அரைச் சுமையில் 11. கால் சுமையில், அதாவது 15 கிலோவாட் மட்டும் எடுக்கும்போது, 6.8 லிட்டர். சுமை குறைந்தால் குடிப்பதும் குறைகிறதே என்று பொருளாளர் சந்தோஷப்படலாம். ஆனால் யூனிட்டுக்கு எவ்வளவு என்று வகுத்துப் பாருங்கள். முழுச் சுமையில் ஒரு யூனிட்டுக்கு 0.8 கிலோ கரியமில வாயு. கால் சுமையில் 1.2 கிலோ. 2024 ஜூன் 10-ஆம் தேதி தீபகற்ப மலேசியாவில் டீசல் லிட்டர் 2.15 வெள்ளியிலிருந்து (ரிங்கிட்) 3.35 வெள்ளிக்கு ஏறியது. அந்த விலையில் கால் சுமையில் ஓடும் ஜெனரேட்டர் யூனிட் ஒன்றுக்கு 1.50 வெள்ளிக்கு மேல் தின்னும். முக்கால் சுமை என்றால் 1.07 வெள்ளி.

பெரும்பாலான கோயில்களில் ஓடுவது கால் சுமையில்தான். ஹாலஜன் விளக்கும் டியூப் லைட்டும் இருந்த காலத்தில் 30 கிலோவாட் தேவைப்பட்டது உண்மை. இன்றைக்குக் கூட்டிப் பாருங்கள். எல்இடி சரவிளக்கும் ஃபிளட் லைட்டும் 3 கிலோவாட். ஒலிபெருக்கி 4. பெரிய மின்விசிறிகள் பத்து, 2. தண்ணீர் பம்பு 3 குதிரைத்திறன் என்றால் 2.2. அரைவை இயந்திரம் 1.5. மொத்தம் 13 கூட இல்லை. ஆனாலும் போன வருஷம் வந்த அதே 75 கேவிஏதான் இந்த வருஷமும் வருகிறது. பெரிசாக இருந்தால் பாதுகாப்பு என்று கமிட்டியில் ஒருவர் சொல்வார். யாரும் மறுத்துப் பேசுவதில்லை.

அதில் ஒரு நியாயமும் உண்டு. மோட்டார் கிளம்பும் நேரத்தில் ஓடும்போது இழுப்பதைவிட ஆறு மடங்கு மின்னோட்டத்தை இழுக்கும். 3 குதிரைத்திறன் பம்பு அந்தச் சில விநாடிகளுக்கு 16 கேவிஏ வரை கேட்கலாம். இதைச் சேர்த்தாலும் 30 கேவிஏ இயந்திரம் போதும். ஆனால் ஒரு ஒழுங்கு வேண்டும். ஜெனரேட்டரைக் கிளப்பியதும் முதலில் பம்பைப் போட வேண்டும், பிறகு விளக்கு, கடைசியில் ஒலிபெருக்கி. எல்லாச் சுவிட்சையும் போட்டுவிட்டுக் கடைசியாகப் பம்பைத் தட்டினால் மின்னழுத்தம் தடாலென்று விழும். ஆம்ப்ளிஃபயர் அடி வாங்குவது அப்போதுதான். சிறிய இயந்திரம் இதே 13 கிலோவாட்டுக்கு மணிக்குச் சுமார் 4.5 லிட்டர்தான் எடுக்கும்.

குறைந்த சுமையில் மணிக்கணக்காக ஓட்டுவதில் இன்னொரு கேடு இருக்கிறது. 30 விழுக்காட்டுக்குக் கீழே ஓடினால் சிலிண்டர் போதிய சூடு ஏறாது. டீசல் முழுக்க எரியாமல் புகைக்குழாயில் படியும். குழாய் மூட்டுகளில் கறுப்பாக, பிசுபிசுவென்று தார் மாதிரி வடிந்தால் அதுதான் அடையாளம். இன்ஜெக்டர் முனையில் கரி கட்டும், பிஸ்டன் வளையம் சிலிண்டரோடு ஒட்டிப் படியாமல் எண்ணெய் மேலே ஏறும். தொடக்கத்திலேயே பார்த்துவிட்டால் 75 விழுக்காட்டுச் சுமையில் இரண்டு மணி நேரம் ஓட்டினால் படிந்தது எரிந்து போகும். தள்ளிப்போட்டால் இயந்திரத்தைப் பிரிக்க வேண்டியதுதான்.

நிறத்தை வைத்துப் பழுது கண்டுபிடிக்கலாம். அதற்கு மட்டும் நிறம் உதவும். கறுப்பு என்றால் காற்று போதவில்லை அல்லது டீசல் அதிகம்: ஏர் ஃபில்டர் அடைப்பு, தேய்ந்த இன்ஜெக்டர், அதிகச் சுமை. நீலம் என்றால் என்ஜின் எண்ணெய் எரிகிறது. வெள்ளை, கிளம்பின சில நிமிஷங்களுக்கு மட்டும் என்றால் கவலை வேண்டாம். நிற்காமல் வந்தால் குளிர்விக்கும் தண்ணீர் உள்ளே கசிகிறதா என்று பாருங்கள்.

டீசல் புகை புற்றுநோய் உண்டாக்கும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வுப் பிரிவு 2012-ல் முதல் தொகுதியில் சேர்த்தது. சந்தேகத்துக்கு இடமில்லாதவை போகும் தொகுதி அது. ஜெனரேட்டரின் குழாய் ஆள் உயரத்தில் இருக்கிறது. லோரியைச் சமையல்கூடத்துச் சுவரோடு ஒட்டி நிறுத்துவது எல்லோரும் செய்யும் தவறு. காற்று வீசும் திசைக்குக் கீழ்ப்பக்கம், பந்தலிலிருந்து குறைந்தது 15 மீட்டர் தள்ளி நிறுத்துங்கள். தகரக் கொட்டகைக்குள் வைத்து ஓட்டவே கூடாது. கார்பன் மோனாக்சைடு என்ற வாயுவுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. தலைவலி என்று உட்கார்ந்தவர் எழுந்திருக்காமல் போகலாம்.

எந்த டீசல் என்பதும் மூக்குக் கணக்கை மாற்றும். பழைய யூரோ 2எம் தர டீசலில் பத்து லட்சம் பங்குக்கு 500 பங்கு கந்தகம் இருக்கலாம். யூரோ 5-ல் 10 பங்குதான். யூரோ 5 பி7 லிட்டருக்கு 20 காசு கூடுதலாக விற்கப்பட்டபோது அதைத் தவிர்த்துவிட்டுப் போனவர்கள் பலர். ஜனக்கூட்டத்துக்கு நடுவே ஓடும் இயந்திரத்துக்கு அந்த 20 காசு வீண் செலவில்லை.

இந்த ‘பி’ எழுத்துக்கு அர்த்தம் உண்டு. பி10 என்றால் நூற்றுக்குப் பத்து பங்கு செம்பனை எண்ணெயிலிருந்து செய்த எஸ்டர். போக்குவரத்து டீசலில் இது 2019 பிப்ரவரியிலிருந்து நாடு முழுக்க வந்தது. தோட்டத்தில் டிராக்டருக்கும் லோரிக்கும் டீசல் சேமித்து வைப்பவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். எஸ்டர் ஈரத்தை இழுக்கும். நம் ஊர் இரவில் அரைகுறையாக நிரம்பிய தொட்டியின் உள்சுவரில் நீர் வியர்த்து அடியில் தங்கும். டீசலும் தண்ணீரும் சந்திக்கும் இடத்தில் கிருமி வளர்ந்து, கறுப்பாகக் கொழகொழவென்று ஒரு சளி உண்டாகும். அது ஃபில்டரை அடைக்கும். டிராக்டர் மேட்டில் ஏறும்போது மூச்சு வாங்கினால் பல சமயம் காரணம் இதுதான், பம்பு அல்ல. வாரம் ஒருமுறை தொட்டியின் அடி வால்வைத் திறந்து, தண்ணீர் போய்த் தெளிந்த டீசல் வரும்வரை வடிக்க வேண்டும். வடித்ததை வாளியில் பிடியுங்கள், சாக்கடையில் விடாதீர்கள். தொட்டியை முடிந்தவரை நிரப்பியே வையுங்கள். ஆறு மாதத்துக்கு மேல் வைத்திருக்காதீர்கள். பழைய தொட்டியில் முதல்முறை பி10 ஊற்றினால் அது பழைய அழுக்கையெல்லாம் கழுவிக்கொண்டு வரும், அதனால் முதல் ஃபில்டரைச் சீக்கிரமே மாற்ற வேண்டியிருக்கும். தூய செம்பனை எஸ்டர் 15 டிகிரி குளிரில் கலங்கத் தொடங்கும். கேமரன்மலையில் லோரி ஓட்டுபவர்கள் கவலைப்படலாம், காப்பார் வெயிலில் அந்தப் பிரச்சினை கிடையாது.

சரி, பத்து பங்கு செம்பனை என்றால் வானக் கணக்கில் பத்து பங்கு மிச்சமா? அது எந்த மண்ணில் விளைந்தது என்பதைப் பொறுத்தது. இந்த இடத்தில்தான் தோட்டத்து ஆட்கள் கொஞ்சம் கவனமாகக் கணக்குப் பார்க்க வேண்டும், ஏனென்றால் செம்பனையை ஆதரிப்பவர், எதிர்ப்பவர் என்று இரண்டு தரப்பும் பாதிப் பாதியாகப் பேசுகிறது.

ஒரு ஹெக்டர் நல்ல செம்பனை வருஷத்துக்கு 4 டன் எண்ணெய் தரும் என்று வையுங்கள். அதை எஸ்டராக்கினால் சுமார் 4,200 லிட்டர் டீசலுக்கு ஈடாகும். அந்த டீசல் எரியாமல் மிச்சமாகும் கரியமில வாயு 11 டன். நல்ல மிச்சம்தான். இப்போது அந்த ஹெக்டர் பீட் மண்ணில் இருந்தால்? பீட் என்பது ஆயிரக்கணக்கான வருஷமாகத் தண்ணீருக்குள் மக்காமல் கிடந்த இலை, வேர், கட்டை. சிலாங்கூர் கடலோரத்தில் வடக்கேயும், கோல லங்காட் பக்கமும் அது நிறைய உண்டு. செம்பனை நட அதில் காண்டா வெட்டித் தண்ணீரை வடிப்பார்கள். தண்ணீர் இறங்கியதும் காற்றுப் பட்டு அந்தக் கறுப்பு மண் மெல்ல மெல்லக் கரைந்து வாயுவாகப் போகும். தீ இல்லை, புகை இல்லை. பருவநிலைக்கான ஐநா அறிவியல் குழு 2013-ல் கொடுத்த அளவுப்படி, வடிகட்டிய பீட்டில் உள்ள செம்பனைத் தோட்டம் ஹெக்டருக்கு வருஷம் 11 டன் கரியை இழக்கிறது. கரியமில வாயுவாகச் சொன்னால் 40 டன். 11 டன் மிச்சம் பிடிக்க 40 டன் செலவு. சாதாரண மேட்டு மண்ணில் பல காலமாகத் தோட்டமாகவே இருக்கும் நிலத்துக்கு இந்த 40 டன் கிடையாது. அங்கே கணக்கு லாபத்தில் முடியும். அதனால் பி10 நல்லதா கெட்டதா என்று கேட்டால், குலையை எந்த மண்ணிலிருந்து வெட்டினீர்கள் என்று திருப்பிக் கேட்க வேண்டியிருக்கிறது.

பீட்டில் ஏற்கெனவே நட்டாகிவிட்டது என்றால் செய்யக்கூடியது ஒன்று உண்டு. காண்டாவில் மணல்மூட்டையோ மரப்பலகையோ வைத்துத் தடுத்து, நிலத்தடி நீரை மண்பரப்பிலிருந்து 40 முதல் 60 சென்டிமீட்டருக்குள் நிறுத்துவது. மரத்துக்கும் அது போதும். ஒரு மீட்டருக்குக் கீழே இறங்க விட்டால் மண் வேகமாகத் தாழும், மரம் சாயும், வறட்சியில் தீப்பிடித்தால் மேலே தண்ணீர் ஊற்றி அணைக்கவும் முடியாது. உள்ளே புகைந்துகொண்டே இருக்கும்.

செம்பனை ஆலைக்கு வருவோம். ஆலைப் புகைபோக்கி கறுப்பாகக் கக்குகிறது என்ற புகார் எல்லா ஊரிலும் உண்டு. உள்ளே எரிவது நிலக்கரியும் இல்லை, டீசலும் இல்லை. ஒரு டன் குலையிலிருந்து எண்ணெய் 200 கிலோ வந்தால், கூடவே சுமார் 130 கிலோ நாரும் 60 கிலோ கொட்டை ஓடும் வரும். இவற்றைக் கொதிகலனில் எரித்துத்தான் ஆலை நீராவியும் மின்சாரமும் எடுக்கிறது. டன் குலைக்குச் சுமார் அரை டன் நீராவியும் 17 யூனிட் அளவு மின்சாரமும் போதும். டீசல் ஜெனரேட்டர் காலையில் ஆலையைக் கிளப்ப மட்டும். கறுப்புப் புகைக்குக் காரணம் பெரும்பாலும் ஈரம்: நாரில் 40 விழுக்காடு தண்ணீர் இருக்க, அதை அள்ளி அள்ளிப் போட்டு நிரப்பினால் அடுப்பு குளிர்ந்து கரி பறக்கும். கொட்டை ஓட்டையும் சமமாகக் கலந்து, கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு, கீழிருந்து வரும் காற்றோடு மேலிருந்தும் காற்றைக் கொடுத்தால் புகை வெளிறும். மூக்குக் கணக்கில் இது பெரிய தொல்லைதான். வானக் கணக்கில், மரம் காற்றிலிருந்து எடுத்ததைத் திருப்பிக் கொடுக்கிறது, அவ்வளவுதான்.

ஆலையின் உண்மையான வானக் கணக்கு பின்பக்கம், யாரும் போய்ப் பார்க்காத கழிவுநீர்க் குளத்தில் இருக்கிறது. ஒரு டன் குலைக்கு 0.65 கனமீட்டர் கழிவுநீர் வரும். 80 டிகிரிக்கு மேல் சூடாக, புளித்து, எண்ணெயும் சக்கையுமாக. ஆழமான குளத்தில் காற்றுப் படாமல் கிடக்கும்போது பாக்டீரியா அதைத் தின்று வாயு விடும். கனமீட்டருக்குச் சுமார் 28 கனமீட்டர் வாயு, அதில் 60 விழுக்காடு மீத்தேன். பெருக்கிப் பார்த்தால் டன் குலைக்கு 7 கிலோவுக்குச் சற்று மேல் மீத்தேன். மீத்தேன் நூறு வருஷக் கணக்கில் கரியமில வாயுவைவிட 28 மடங்கு சூடேற்றும். ஆக 200 கிலோ. எண்ணெயும் 200 கிலோதான். ஒரு கிலோ எண்ணெய்க்கு ஒரு கிலோ வானச் செலவு, குமிழ் விடும் ஒரு குளத்திலிருந்து மட்டும்!

குளத்தைத் தடித்த பிளாஸ்டிக் விரிப்பால் மூடி வாயுவைப் பிடித்தால் அதே 7 கிலோ மீத்தேன் கேஸ் என்ஜினில் 40 யூனிட் வரை தரும். ஆலைக்கு வேண்டியதைப்போல இரண்டு மடங்கு. 2014-லிருந்து புதிய ஆலைகளுக்கு இது கட்டாயம். பழையவை பலவற்றில் இன்னும் திறந்த குளம்தான். வாயுவைப் பிடித்த இடங்களில் வழக்கமாகக் கெடுப்பது ஹைட்ரஜன் சல்ஃபைடு, அழுகின முட்டை வாடை வருமே அது. கழிவுநீர் வாயுவில் அது பத்து லட்சத்துக்கு 1,500 முதல் 3,000 பங்கு வரை இருக்கும். 200-க்குக் கீழே கழுவி இறக்காமல் என்ஜினுக்குள் விட்டால் எண்ணெய் அமிலமாகும், பேரிங் அரித்துப் போகும். என்ஜின் வாங்கப் பணம் ஒதுக்கிவிட்டு, வாயு கழுவும் கோபுரத்தில் மிச்சம் பிடித்தவர்கள் ஒரு வருஷத்தில் இரண்டையும் இழப்பார்கள்.

இப்போது கடற்கரைப் பக்கம். காப்பார் அனல்மின் நிலையம் கட்டி முடித்தபோது மொத்தம் 2,420 மெகாவாட். எண்ணெய், எரிவாயு, நிலக்கரி மூன்றும் ஒரே வேலிக்குள். முதல் இரண்டு 300 மெகாவாட் அலகுகள் எண்ணெயிலும் எரிவாயுவிலும் ஓட, அடுத்த இரண்டு 300 மெகாவாட் மூன்று எரிபொருளையும் எடுக்க, பிறகு வந்த இரண்டு 500 மெகாவாட் நிலக்கரிக்கு. இவை தவிர 110 மெகாவாட் எரிவாயுச் சுழலிகள் இரண்டு.

500 மெகாவாட் அலகு ஒன்றை மட்டும் எடுப்போம். வெப்பத்தில் நூற்றுக்கு 36 பங்குதான் மின்சாரமாகும். மீதியில் பெரும்பகுதி கடல்நீரைச் சூடாக்கப் போகிறது. ஒரு கிலோவில் 21 மெகாஜூல் இருக்கும் நிலக்கரி என்றால் மணிக்கு 240 டன் வேண்டும். பத்து டன் லோரியில் 24 லோரி, ஒவ்வொரு மணிக்கும். கரியமில வாயு மணிக்கு 475 டன், யூனிட்டுக்கு 0.95 கிலோ. கம்பியில் வரும் வழியில் இழப்பது சேர்த்தால் வீட்டு மீட்டருக்கு வந்து சேரும்போது ஒரு கிலோ. கோயில் ஜெனரேட்டர் முழுச் சுமையில் 0.8 என்று மேலே பார்த்தோம். நிலக்கரி அலகு மட்டும் என்று வைத்தால், வானக் கணக்கில் அந்தப் புகை கக்கும் லோரி ஜெயிக்கிறது. கால் சுமையில் ஓடினால் தோற்கிறது.

புகைபோக்கியில் ஒன்றும் தெரியாததற்குக் காரணம், சாம்பலை மின்தகடுகள் வைத்து நூற்றுக்கு 99-க்கும் மேல் பிடித்துவிடுவது. சாம்பல் நூற்றுக்கு 5 என்றாலே மணிக்கு 12 டன். பிடித்ததில் நல்லது சிமெண்டுக்குப் போகும். மீதி சாம்பல் குளத்துக்குப் போகும். ஆர்செனிக்கும் பாதரசமும் நிலக்கரியோடு வந்தவை. சாம்பலோடு கொஞ்சம் தங்கும், பாதரசத்தில் ஒரு பங்கு வாயுவாகவே வெளியேறும். கந்தகம் நூற்றுக்கு அரை என்றாலும், பிடிக்கும் கருவி இல்லாவிட்டால் மணிக்கு 2.4 டன் கந்தக வாயு. உயரமான புகைபோக்கி அதை அழிப்பதில்லை, தூரமாகக் கொண்டு போய் விடுகிறது. காப்பாரின் மூக்கு தப்பிக்கும், வேறோர் ஊரின் மூக்குக்குப் போகும்.

இந்த நிலக்கரி கப்பலில் வருவது, பெரும்பகுதி இந்தோனேசியாவிலிருந்து. தோண்டிய பள்ளம் கலிமந்தானில் இருக்கிறது. நம் கண்ணுக்குப் படாது. பள்ளத்தைப் பக்கத்திலேயே பார்க்க வேண்டும் என்றால் ரவாங் தாண்டிப் பத்து ஆராங் போகலாம். 1915-லிருந்து 1960 வரை அங்கே நிலக்கரி வெட்டினார்கள். ரயிலும் ஈயச் சுரங்கமும் மின் நிலையமும் அதில் ஓடின. சீனரும் தமிழரும் மலாய்க்காரரும் அங்கே உழைத்தார்கள், 1937-ல் பெரிய வேலைநிறுத்தமே நடந்தது. எண்ணெய் மலிவானதும் சுரங்கம் மூடியது. திறந்த வெட்டுப் பள்ளங்கள் இப்போது ஏரிகள். படம் பிடிக்க அழகாக இருக்கின்றன.

பத்து ஆராங் கரிக்கும் இந்தோனேசியக் கரிக்கும் ஒரு பொதுக் குணம்: இரண்டும் இளசு, தானாகத் தீப்பிடிக்கும். குவித்து வைத்தால் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு மெல்லச் சேர்ந்து சூடேறும், சூடு வெளியே போக வழியில்லாமல் இன்னும் ஏறும். 60, 70 டிகிரி தாண்டினால் பிறகு பிடிப்பது கஷ்டம். அதனால் குவியலைப் புல்டோசரால் அடுக்கடுக்காக அழுத்தி உள்ளே காற்று புகாமல் செய்வார்கள், முதலில் வந்ததை முதலில் எரிப்பார்கள். சூடான இடத்தில் தண்ணீரைப் பீய்ச்சுவது புத்திசாலித்தனம் அல்ல. ஓடை விழுந்து காற்றுக்கு இன்னும் வழி திறக்கும். தோண்டி எடுத்துப் பரப்பி ஆற வைத்து மறுபடி அழுத்துவதுதான் முறை.

எரிவாயு இதையெல்லாம்விட நல்லது என்பது எரியும் இடத்தில் உண்மை. எரிவாயுச் சுழலியோடு நீராவிச் சுழலியும் சேர்ந்த நிலையம் 58 விழுக்காடு வரை எட்டும், யூனிட்டுக்கு 0.35 கிலோதான். சாம்பல் இல்லை, கந்தகம் அநேகமாக இல்லை. திரெங்கானுக் கடலில் எடுத்து கெர்த்தேயிலிருந்து குழாயில் வருவது போதாமல், 2013-லிருந்து மலாக்கா சுங்கை ஊடாங்கிலும் 2017-லிருந்து பெங்கெராங்கிலும் குளிர்வித்த திரவமாகக் கப்பலில் இறக்குகிறார்கள். சிக்கல் எங்கே என்றால் கசிவில். கிணற்றிலிருந்து அடுப்பு வரை நூற்றுக்கு 3 பங்கு கசிந்தால், இருபது வருஷக் கணக்கில் மீத்தேனின் 80 மடங்குச் சூட்டையும் சேர்க்கும்போது, 0.35 என்பது 0.65-ஐத் தாண்டும்.

கடைசியாக வீட்டு அடுப்பு. 14 கிலோ கேஸ் தோங் (சிலிண்டர்), மானிய விலையில் கிலோ 1.90 என்று 26.60 வெள்ளி. இன்டக்‌ஷன் அடுப்புக்கு மாறினால் பூமிக்கு நல்லது என்று வாட்சாப்பில் சுற்றுகிறதே, அதைக் கணக்கிட்டுப் பார்ப்போம். 14 கிலோ கேஸில் 179 யூனிட் வெப்பம். அடுப்பில் பாதிக்குச் சற்று மேல், 98 யூனிட், சட்டிக்குப் போகும். அதே 98 யூனிட்டைச் சட்டிக்குக் கொடுக்க இன்டக்‌ஷன் 116 யூனிட் மின்சாரம் எடுக்கும். தீபகற்ப மின்சாரம், நிலக்கரி எரிவாயு எல்லாம் கலந்து, யூனிட்டுக்கு 0.75 கிலோவை ஒட்டி இருக்கிறது. ஆக 87 கிலோ. கேஸ் தோங் எரிந்தால் 42 கிலோ. இன்றைய காப்பாரில் கேஸ் அடுப்புதான் வானத்துக்கு இலேசு. மின்சாரம் 0.36 கிலோவுக்குக் கீழே இறங்கும் நாளில் கணக்கு மாறும். சரவாக்கில் பாக்கூன் அணை 2,400 மெகாவாட், மூரும் அணை 944 மெகாவாட் என்று பெரும்பகுதி நீர்மின்சாரம். பிந்துலுவில் இருக்கும் தங்கைக்கு இன்டக்‌ஷன் வாங்கிக் கொடுக்கலாம், காப்பாரில் இருக்கும் அக்கா கேஸையே வைத்துக்கொள்ளலாம். ஆனால் மூக்குக் கணக்கு வேறு மாதிரி: கேஸ் தீ சமையலறைக்குள் நைட்ரஜன் ஆக்சைடு விடும், இன்டக்‌ஷன் விடாது. வீட்டில் ஆஸ்துமாக்காரர் இருந்தால் எந்தக் கணக்கை முதலில் பார்ப்பது என்பது தெரிந்ததுதான்.

அன்னதானச் சமையலில் ஒன்று அடிக்கடி நடக்கும். பெரிய அடுப்பு மணிக்கு ஒரு கிலோவுக்கு மேல் கேஸ் இழுக்கும். தோங்கினுள் திரவம் ஆவியாக வெப்பம் வேண்டும். அதைத் தோங்கின் சுவரிலிருந்தே எடுத்துக்கொள்ளும். சுவர் குளிர்ந்து வியர்க்கும், சில சமயம் வெள்ளையாக உறையும். அழுத்தம் இறங்கித் தீ சோரும். உடனே ஒருவர் கேஸ் தீர்ந்துபோச்சு என்பார், இன்னொருவர் தோங்கைப் படுக்க வைப்பார். படுக்க வைத்தால் திரவமே குழாய்க்குள் ஓடும். அடுப்பில் ஒரு மீட்டர் உயரத்துக்குத் தீ எழும்பும். கொதிக்கிற தண்ணீரைத் தோங்கின் மேல் ஊற்றுவதும் கூடாது. சரியான வழி, இரண்டு அல்லது மூன்று தோங்கை ஒரே குழாயில் இணைத்து ஒன்றாகத் திறப்பது. ஒவ்வொன்றும் குறைவாக ஆவியாவதால் எதுவும் உறையாது, அடியில் தங்கி வீணாவதும் குறையும். ரெகுலேட்டரிலும் குழாயிலும் சிரிம் என்ற தரச் சான்று முத்திரையைப் பாருங்கள். மூட்டுகளில் சோப்பு நுரை தடவிக் குமிழ் வருகிறதா என்று பார்த்த பிறகே பற்றவைக்க வேண்டும். கேஸ் காற்றைவிடக் கனம், தரையோடு படரும். அதனால் தோங் வரிசைக்குப் பக்கத்தில் சாக்கடைத் திறப்போ பள்ளமோ இருக்கக்கூடாது, ஜெனரேட்டர் லோரியும் அந்தப் பக்கம் நிற்கக்கூடாது.